பவர் ஸ்டீயரிங் ஹோஸ் ஒழுகல்: பழைய கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்தப் பக்கம், ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் பழைய வகைப் பவர் ஸ்டீயரிங்கைப் பற்றியது. முழுக்க மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங் உள்ள கார்களில் ஆயிலும் இல்லை, ஹோஸும் இல்லை. ஆகவே அந்தக் கார்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பழைய கார்க்காரர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட விதத்திலேயே, எளியதில் தொடங்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன். இவற்றுள் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: ஒழுகுவது எந்த ஹோஸ், அதில் எந்த இடம்? அது தெரிவதற்கு முன் பாகம் வாங்குபவர் பெரும்பாலும் இரண்டு முறை வாங்குகிறார்.

காருக்கு அடியில் சிவப்பாக ஏதோ சொட்டுகிறது. பவர் ஸ்டீயரிங் ஆயில்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்குக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் ஒரே வகைச் சிவப்பு ஆயிலே ஊற்றப்படுகிறது. சில கார்களில் ஸ்டீயரிங் ஆயில் பச்சையாகவும், சிலவற்றில் வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் எந்த நிறமும் பழுப்பாகிவிடும். கூலன்ட்டும் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கக்கூடும், ஆனால் அது விரலில் நீர்போல ஓடும், வழவழப்பு குறைவு, இனிப்பு வாடை வரும். ஆயில் விரலிடுக்கில் வழுக்கும், எளிதில் உலராது.

இரவில் வண்டியை நிறுத்தும்போது அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்துவிட்டு, காலையில் சொட்டு விழுந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் பானெட்டைத் திறந்து, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் அளவைக் கவனியுங்கள். நான்கைந்து நாள்களில் அந்த அளவு இறங்கினால் ஐயம் தீர்ந்தது. அளவு இறங்காமல் சொட்டு மட்டும் தொடர்ந்தால், ஒழுகுவது வேறு ஏதோ ஒன்று.

பவர் ஸ்டீயரிங்கில் எத்தனை ஹோஸ் இருக்கிறது? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல, பெரும்பாலான கார்களில் மூன்று. டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயிலைக் கொண்டுபோவது முதலாவது. இது சற்றுத் தடிமனான, குட்டையான ரப்பர்க் குழாய், இதில் அழுத்தம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை, பம்ப் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். பம்பிலிருந்து, முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்குக்கோ ஸ்டீயரிங் கியர்பாக்ஸுக்கோ போவது இரண்டாவது. இதுதான் அழுத்த ஹோஸ். ரேக்கிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வருவது மூன்றாவது. இதில் அழுத்தம் குறைவு, வழியில் ஆயிலைக் குளிர்விக்க ஒரு வளைந்த உலோகக் குழாய் இருக்கலாம்.

அழுத்த ஹோஸை மற்ற இரண்டோடு சேர்த்துப் பேசவே கூடாது. வண்டி நேராக நிற்கும்போது அதில் அழுத்தம் மிதமாகவே இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பிடிக்கும்போது பல கார்களில் 70 முதல் 100 பார் வரை ஏறும். சாதாரணக் கார் டயரில் உள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 2 பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அதனால்தான் அந்த ஹோஸின் ரப்பருக்குள் வலுவூட்டும் பின்னல் இருக்கிறது; இரு முனைகளிலும் இரும்புக் குழாய்கள் வளையத்தோடு எந்திரத்தால் நசுக்கிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அந்த நசுக்கிய இடத்தைப் பட்டறைகளில் கிரிம்ப் என்பார்கள். பழைய ஹோஸ்கள் முதலில் கசியத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

அடிக்கடி ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டினால் என்ன?

மூன்று காரணங்களுக்காக வேண்டாம் என்பேன். முதலாவது தீ. அழுத்த ஹோஸ் பல கார்களில், இஞ்சினின் சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகிலேயே செல்கிறது. சூடேறிய அந்த இரும்பின்மேல் ஆயில் தெறித்தால் முதலில் புகையும், பிறகு பற்றிக்கொள்ளவும் கூடும். பானெட்டுக்குள்ளிருந்து கருகிய எண்ணெய் வாடையோ புகையோ வந்தால், அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது பம்ப். அந்த ஆயில்தான் பம்புக்கு மசகும்கூட. அளவு குறைந்து காற்றை உறிஞ்சத் தொடங்கிய பம்ப் ஊளையிடும், பிறகு தேயும், தேய்ந்த உலோகத்தூள் ரேக் வரை போகும். ஹோஸோடு முடிய வேண்டிய செலவு பம்பும் ரேக்குமாகப் பெருகுவது இந்த வழியில்தான்.

மூன்றாவதை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஒழுகும் ஆயில் பெல்ட்டிலும், இஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டிலும், ஸ்டீயரிங்கின் ரப்பர் புஷ்களிலும் படிகிறது. ஆயிலில் ஊறிய ரப்பர் உப்பி மென்மையாகிவிடும்; பெல்ட் வழுக்கினால் அதே பெல்ட்டில் ஓடும் மற்றவையும் பாதிக்கப்படும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஹோஸ் வெடித்தால் ஸ்டீயரிங் வேலை செய்யாமல் போய்விடுமா?

போகாது. ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே உலோகத் தொடர்பு அப்படியே இருக்கும். ஆயிலின் உதவி மட்டும் நின்றுபோகும். வேகத்தில் அது பெரிதாகத் தெரியாது, ஆனால் வேகம் குறைந்து வளைவில் திருப்பும்போது திடீரென்று பாரமாகிவிடும், அதை எதிர்பாராதவர் திணறிவிடுவார். சில வாகனங்களில் பிரேக்குக்கு உதவுவதும் இதே பம்ப்தான். அப்படிப்பட்ட வண்டியில் பிரேக்கும் கடினமாகிவிடும் என்பதால் ஒழுகலைச் சற்றும் தள்ளிப்போடக் கூடாது.

எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா இடமும் எண்ணெயாக இருக்கிறது.

ஆயில் சொட்டும் இடம் ஒழுகும் இடமல்ல. மேலே கசிவது குழாயோடு வழிந்து, மிகத் தாழ்வான முனைக்கு வந்து சொட்டுகிறது. ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளிவிடுகிறது. ஆகவே முதல் வேலை துடைப்பது. இஞ்சின் ஆறியபின், கிரீஸ் நீக்கும் திரவத்தால் டப்பா, பம்ப், ஹோஸ்கள், ரேக்கின் இணைப்புகள் எல்லாவற்றையும் கழுவித் துணியால் உலர்த்துங்கள். பிறகு சந்தேகமுள்ள இணைப்புகளின்மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். இஞ்சினை ஓட்டி, ஒருவர் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்ப, மற்றவர் டார்ச் விளக்குடன் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஈரமாகும் முதல் இடத்தைப் பவுடரே காட்டிக்கொடுக்கும். கசிவு மிக மெல்லியதாக இருந்தால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா விளக்கும் உதவும்.

ஓடும் இஞ்சினில் அழுத்த ஹோஸைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீறிடும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியில் ஒரு சிறு புள்ளியாகத்தான் தெரியும், வலிகூட முதலில் குறைவாக இருக்கலாம். ஆனால் அது உடனே அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய காயம். தேட வேண்டியிருந்தால் ஒரு நீண்ட அட்டைத் துண்டை அருகே நீட்டிப் பாருங்கள்.

அழுத்த ஹோஸை மாற்றிவிட்டேன், ஒழுகல் நிற்கவில்லை. ஹோஸ் மட்டமானதா?

பெரும்பாலும் ஹோஸின்மேல் குற்றமிருக்காது. ஒழுகியது வேறொன்றாக இருந்திருக்கும். பம்பின் கப்பிக்குப் பின்னால் வட்டமாக எண்ணெய் தெறித்திருந்தால், அது பம்பின் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் ரப்பர் வளையமான தண்டு சீல். ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக உள்ள ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் குலுங்கினால் ரேக்கின் உள் சீல் போய்விட்டது என்று பொருள், அதற்கு எந்த ஹோஸும் மருந்தாகாது. ரேக்கின் மேலேயே ஓடும் குட்டையான இரும்புக் குழாய்களும் துருப்பிடித்துக் கசியும்.

இன்னொரு திருட்டு இடம் உண்டு. சில கார்களில் அழுத்தப் பாதையில் ஒரு சிறிய மின் சுவிட்ச் இருக்கும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது இஞ்சின் அணைந்துவிடாமல் சுற்று வேகத்தைச் சற்று ஏற்றச் சொல்லி அது இஞ்சின் கணினிக்குத் தகவல் அனுப்பும். அந்தச் சுவிட்சின் உள் சீல் போனால் ஆயில் மின்செருகிக்குள்ளேயே ஏறி, ஒயரோடு வழிந்து, ஹோஸில் சொட்டும். செருகியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஆயில் நிற்பது தெரியும்.

ஒழுகலை நிறுத்தும் ஆயில் என்று ஒரு புட்டி விற்கிறார்களே, அது போதாதா?

ஹோஸுக்குப் போதாது. அந்தத் திரவங்கள் பொதுவாக இறுகிப்போன ரப்பர் சீல்களை ஊறவைத்துச் சற்று உப்பச் செய்கின்றன. பம்பின் தண்டு சீலிலோ ரேக்கின் சீலிலோ மெல்லிய கசிவு இருந்தால் சில காலத்துக்குக் குறையக்கூடும். விரிசல்விட்ட ஹோஸையோ தளர்ந்த கிரிம்ப்பையோ உப்பவைத்து அடைக்க முடியாது.

ஓட்டை இருக்கும் இடத்தில் டேப் சுற்றி, இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினால் நிற்காதா?

அழுத்த ஹோஸில் நிற்காது. மேலே சொன்ன அழுத்தத்துக்கு எந்த டேப்பும், எந்த எப்பாக்ஸியும், திருகிறுக்கும் எந்தக் கிளாம்ப்பும் தாக்குப்பிடிக்காது. சிலர் ஹோஸின் சேதமான பகுதியை வெட்டிவிட்டு, நடுவில் ஒரு உலோகத் துண்டைச் செருகி இருபுறமும் கிளாம்ப் போடுகிறார்கள். நின்றபடி ஓடும்போது சொட்டாது. முதல் தடவை வண்டியை நிறுத்துமிடத்தில் முழுக்க ஒடிக்கும்போது கழன்று, ஆயில் முழுவதையும் இஞ்சின்மேல் இறைக்கும்.

பட்டறை வரை எப்படியாவது கொண்டுபோக வேண்டுமென்றால், ஸ்டீயரிங் பம்புக்குத் தனி பெல்ட் உள்ள கார்களில் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பாரத்தைப் பொறுத்துக்கொண்டு குறைந்த தூரம் ஓட்டலாம். பெரும்பாலான கார்களில் ஒரே பெல்ட் தண்ணீர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்து ஓட்டுகிறது. அவற்றில் இதைச் செய்யவே கூடாது, இழுத்துச் செல்வதுதான் வழி.

திரும்பி வரும் ஹோஸில்தான் ஒழுகுகிறது. அதையும் மொத்தமாக மாற்ற வேண்டுமா?

இதுதான் வீட்டிலேயே முடிக்கக்கூடிய வேலை. திரும்பும் ஹோஸிலும் டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸிலும் விரிசல் பெரும்பாலும் கிளாம்ப்புக்குக் கீழே, முனையில்தான் விடும். ஹோஸ் இன்னும் மென்மையாக இருந்து, நீளமும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், முனையை ஒரு விரற்கடை நேராக வெட்டிவிட்டு மறுபடியும் செருகி, புதிய கிளாம்ப் போடலாம். விரலால் மடக்கிப் பார்க்கும்போது மேற்பரப்பில் வெடிப்பு தெரிந்தால் வெட்டிப் பயனில்லை, முழுவதையும் மாற்றுங்கள்.

மாற்றும்போது உள்விட்டம் சரியாக இருக்க வேண்டும். பெரிதாக எடுத்துவிட்டுக் கிளாம்ப்பால் நசுக்குவது, அடுத்த ஒழுகலுக்கு நாள் குறிப்பதாகும். உலோகக் குழாயின் முனையில் உள்ள மேட்டைத் தாண்டி ஹோஸ் ஏற வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் அமர வேண்டும்.

கையில் ஹீட்டர் ஹோஸ் துண்டு ஒன்று இருக்கிறது. அதைப் போடலாமா? பெட்ரோல் ஹோஸ்?

ஹீட்டர் ஹோஸ் வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் ஈ.பி.டி.எம் என்ற ரப்பரால் ஆனது. வெந்நீரையும் கூலன்ட்டையும் நன்றாகத் தாங்கும், கனிம எண்ணெய் பட்டால் உப்பிக் கொழகொழத்துப் போகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலக் கறுப்பாக இருப்பதால் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. பெட்ரோல் ஹோஸ் எண்ணெயைத் தாங்கும், ஆனால் ஸ்டீயரிங் ஆயிலின் தொடர்ச்சியான சூட்டைத் தாங்கும் என்று எல்லா வகைக்கும் சொல்ல முடியாது. அவசரத்துக்குப் போடலாமே தவிர நிலையாக விட வேண்டாம். ஸ்டீயரிங் திரும்பும் ஹோஸுக்கென்று, வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ வகுத்த ஜே189 என்ற தரமே இருக்கிறது. அந்த எண் அச்சிடப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

என் கார் மாடலுக்கு அழுத்த ஹோஸ் எங்கும் கிடைக்கவில்லை. ஹைட்ராலிக் ஹோஸ் செய்பவரிடம் கொடுத்துச் செய்யலாமா?

செய்யலாம், உற்பத்தி நின்றுபோன கார்களுக்குப் பல நேரங்களில் இருக்கும் ஒரே வழி அதுதான். பழைய ஹோஸின் இரு முனைகளிலும் உள்ள வளைந்த இரும்புக் குழாய்களை வைத்துக்கொண்டு, ரப்பர்ப் பகுதியை மட்டும் நீக்கி, புதிய ஹோஸை எந்திரத்தில் கிரிம்ப் செய்து தருவார்கள். முனைக் குழாய்களில் ஆழமான துரு இருந்தால் அவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். ரப்பரின் நீளம் பழையதற்கு மிக நெருக்கமாக இருக்க வேண்டும்; இஞ்சின் தன் மவுன்ட்டின்மேல் ஆடும், ரேக் ஆடாது, அந்த ஆட்டத்தை உள்வாங்கத்தான் நடுவில் ரப்பரே வைத்திருக்கிறார்கள். இரு முனைகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதும் முக்கியம். ஆகவே பழைய ஹோஸை வெட்டுவதற்கு முன்பே அதை ஒரு பலகையின்மேல் வைத்துக் கோடு வரைந்துகொள்ளுங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஹோஸின் வகை. மண்வெட்டும் எந்திரங்களுக்கும் லாரி ஹைட்ராலிக்குக்கும் போடும் 100ஆர்1, 100ஆர்2 வகை ஹோஸ்கள் அழுத்தத்தைத் தாராளமாகத் தாங்கும், ஆனால் அவற்றின் வழக்கமான வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ். எக்ஸாஸ்ட் அருகே செல்லும் ஸ்டீயரிங் ஹோஸுக்கு அது போதாமல் போகலாம். இன்னொன்று, ஸ்டீயரிங் அழுத்த ஹோஸுக்கான எஸ்.ஏ.இ ஜே188 தரம், அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கொஞ்சம் விரிந்துகொடுப்பதை வேண்டுமென்றே எதிர்பார்க்கிறது. பம்ப் ஆயிலைத் துடிப்புத் துடிப்பாகத் தள்ளுகிறது. அந்தத் துடிப்பை விரியும் ரப்பர் விழுங்கிக்கொள்கிறது. சில ஹோஸ்களுக்குள் இதற்காகவே ஒரு மெல்லிய உட்குழாயும் இருக்கும். விரியாத ஹைட்ராலிக் ஹோஸைப் போட்டால் ஒழுகாது, ஆனால் ரீங்காரம் ஸ்டீயரிங் வரை கேட்கும். ஆகவே கொடுக்கும்போதே ஸ்டீயரிங்குக்கு என்று சொல்லி, அதற்கான ஹோஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அழுத்த ஹோஸை நானே மாற்ற முடியுமா? என்னென்ன வேண்டும்?

நட்டுகள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் முடியும். சில கார்களில் ரேக் பக்கத்து நட்டைத் தொட முன்பக்கக் குறுக்குச் சட்டத்தையே இறக்க வேண்டியிருக்கும். அப்படியானால் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது. படுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாதாரண ஓப்பன் ஸ்பேனரால் இந்த நட்டுகளைத் திறக்க முயலாதீர்கள். அது இரண்டு முகங்களை மட்டும் பிடிப்பதால், துருவேறிய மென்மையான நட்டின் மூலைகளை உருட்டிவிடும். குழாயை உள்ளே நுழைக்க ஒரு பிளவும், மற்ற முகங்களைச் சுற்றிப் பிடிக்கும் வளையமும் உள்ள லைன் ஸ்பேனர்தான் வேண்டும். இதோடு ஊடுருவும் எண்ணெய், பழைய ஆயிலை வாங்க ஒரு தட்டு, இணைப்பை அடைக்கும் புதிய ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) அல்லது வாஷர்கள், கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை. வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இறக்கி வையுங்கள்.

மாற்றும்போது எந்த வரிசையில் செய்வது?

முந்தைய நாளே நட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை விட்டுவையுங்கள். மறுநாள், இஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, டப்பாவில் உள்ள ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். கீழே கொட்டும் அளவு குறையும். பழைய ஹோஸ் எந்த வழியில் போகிறது, எந்தெந்த இடத்தில் பிடிப்புகள் இருக்கின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தாங்கும் பிடிப்புகளைக் கழற்றி, பம்ப் பக்கத்தையும் ரேக் பக்கத்தையும் திறக்கலாம். ஹோஸை எடுத்தபின் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ரேக்குக்குள் இருக்கும் ஆயில் திறந்த வாயில் வழியாகப் பீச்சியடிக்கும். முகத்தை அங்கே வைத்திருக்க வேண்டாம். திறந்த வாய்களைச் சுத்தமான துண்டுப் பிளாஸ்டிக்கால் மூடிவையுங்கள், ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் ரேக்கின் வால்வு அதை மன்னிக்காது.

புதிய ஹோஸை வாங்கியவுடன் பழையதோடு பக்கத்தில் பக்கமாக வைத்து நீளம், வளைவு, மரை ஆகியவற்றை ஒப்பிட்டுவிட்டே பொருத்தத் தொடங்குங்கள். இரு முனைகளையும் முதலில் விரலாலேயே சில சுற்றுகள் ஏற்ற வேண்டும். விரலால் ஏறாத மரை ஸ்பேனரால் ஏறினால், அது தவறாக ஏறுகிறது. இரு முனைகளும் ஏறியபின், எல்லாப் பிடிப்புகளையும் தளர்வாகப் போட்டு, ஹோஸ் எதன்மேலும் உரசாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். ஹோஸின் நீளத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், இறுக்கும்போது ஹோஸும் சேர்ந்து திரும்புகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். கோடு சுருள ஆரம்பித்தால் நட்டைத் தளர்த்தி, குழாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மறுபடி இறுக்குங்கள். இறுக்க அளவு காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் இருக்கும். பிடிப்புகளில் ஒன்று கூட விட்டுப்போகக் கூடாது. பழைய கார்களில் முன்பு யாரோ கழற்றி எறிந்த ஒரு பிடிப்புதான் பல நேரம் ஹோஸ் உரசித் தேய்ந்ததற்கே காரணமாக இருக்கிறது.

பழைய ஓ-ரிங்கும் வாஷரும் நன்றாகத்தானே இருக்கின்றன, திரும்பப் போடலாமா?

போட வேண்டாம். ஆயிலுக்குள் வெந்த ஓ-ரிங் சதுர விளிம்போடு தட்டையாகி இருக்கும். நகத்தால் அழுத்தினால் பழைய உருண்டை வடிவத்துக்கு மீளாது. துளையுள்ள பேஞ்சோ போல்ட் இருக்கும் இணைப்புகளில் செம்பு அல்லது அலுமினிய வாஷர் போல்ட்டின் தலைக்குக் கீழ் ஒன்றும், இணைப்புக்குக் கீழ் ஒன்றுமாக இரண்டு இருக்கும். அவை ஒருமுறை நசுங்கி அமர்வதற்கென்றே செய்யப்பட்டவை. கழற்றும்போது கீழ் வாஷர் பம்பிலேயே ஒட்டிக்கொண்டு தங்கிவிடுவது வழக்கம், அதன்மேல் புதியதையும் போட்டால் கட்டாயம் ஒழுகும். சிறு முகம்பார்க்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்து எடுத்துவிடுங்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். இங்கே அடைப்பது மரையல்ல, முனையில் உள்ள வாஷரோ ஓ-ரிங்கோ விரிந்த குழாய் வாயோதான், கிழிந்த டேப் துண்டு வால்வுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

எந்த ஆயில் ஊற்றுவது? சிவப்பு எல்லாம் ஒன்றுதானே?

டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். பழைய கார்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். ஐரோப்பியக் கார்கள் சிலவற்றுக்குப் பச்சை நிறச் சி.எச்.எஃப் வகை, ஹோண்டா தன் கார்களுக்குத் தனி ஆயிலைக் குறிப்பிடுகிறது. இவற்றின் அடர்த்தியும் சேர்மானமும் வேறு வேறு. தவறானதைக் கலந்தால் சீல்கள் உப்பவோ சுருங்கவோ செய்யும், நுரையும் கிளம்பும். பிரேக் ஆயிலை மட்டும் எந்த நிலையிலும் ஊற்றாதீர்கள்; அது இந்த ரப்பர்களுக்கு நஞ்சு.

புதிய ஹோஸ் போட்டபின் காற்றை எப்படி வெளியேற்றுவது?

முன்சக்கரங்கள் தரையைத் தொடாதபடி தூக்கி வையுங்கள். டப்பாவை நிரப்பிவிட்டு, இஞ்சினை இயக்காமலேயே ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள்; 15, 20 முறையாவது திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழ்கள் வரும், அளவு இறங்கும், இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழ் நின்றபிறகே இஞ்சினை இயக்க வேண்டும். காற்றோடு இஞ்சினை இயக்கினால் பம்ப் அந்தக் காற்றை ஆயிலோடு அடித்து நுரையாக்கிவிடும், அந்த நுரை அடங்கச் சில மணி நேரம் ஆகும். இயக்கியபின்னும் மெதுவாகவே திருப்புங்கள், எந்தக் கோடியிலும் சில நொடிகளுக்குமேல் அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் இஞ்சினை நிறுத்தி, தெளியும்வரை காத்திருந்து மறுபடி தொடங்குங்கள்.

சில கார்களில் இந்த முறையால் முழுக் காற்றும் போகாது. டப்பாவின் வாயில் வெற்றிடப் பம்பை வைத்து உறிஞ்ச வேண்டியிருக்கும். கையேடு அப்படிச் சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

எங்கும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, ஆனால் ஆயில் நுரைக்கிறது, பம்ப் ஊளையிடுகிறது. ஏன்?

உறிஞ்சும் பக்கத்தைப் பாருங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸிலோ, அது பம்பில் சேரும் இடத்து ஓ-ரிங்கிலோ மிக மெல்லிய இடைவெளி இருந்தால், இஞ்சின் ஓடும்போது ஆயில் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே போகும். நின்றிருக்கும்போது சொட்டாத அளவுக்கு அந்த இடைவெளி சிறியதாகவும் இருக்கலாம். மிகச் சிறிய ஓ-ரிங் ஒன்றுக்காகப் பம்பையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

அதுவும் சரியாக இருந்தால் டப்பாவின் உள்ளே பாருங்கள். பல டப்பாக்களின் அடியில் ஒரு மெல்லிய வலை இருக்கிறது. பழைய ஹோஸ்களின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த ரப்பர்த்தூள் அதை அடைத்துவிட்டால் பம்புக்குப் போதிய ஆயில் கிடைக்காது. வலையைத் தனியே எடுக்க முடியாத டப்பாவாக இருந்தால் டப்பாவையே மாற்றுவது எளிது.

குளிர்ந்த காலையில் மட்டும் ஒழுகுகிறது, வண்டி சூடானதும் நின்றுவிடுகிறது. விட்டுவிடலாமா?

அது பெரும்பாலும் இறுகிப்போன ஓ-ரிங்கின் அல்லது தளர்ந்த கிரிம்ப்பின் வேலை. சூட்டில் ரப்பர் விரிந்து இடைவெளியை அடைக்கிறது, குளிரில் சுருங்கித் திறந்துவிடுகிறது. ஓ-ரிங் என்றால் அதை மட்டும் மாற்றினால் தீரும். கிரிம்ப் என்றால் ஹோஸ்தான். கசிவு கூடுமே தவிரக் குறையாது. சாவகாசமாக ஹோஸ் தேடி வாங்க அவகாசம் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போட்ட அழுத்த ஹோஸ் சில மாதங்களிலேயே மறுபடி போய்விட்டது. இப்போது என்ன பார்ப்பது?

எந்த இடத்தில் போயிற்று என்பதைப் பழைய ஹோஸே சொல்லும். ரப்பரின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் உரசல்; விட்டுப்போன பிடிப்பைத் தேடுங்கள். ஒரு பக்கம் கருகி வெடித்திருந்தால் எக்ஸாஸ்ட் சூடு. அங்கே முதலில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு இருந்திருக்கும், அது இல்லாமல் போயிருக்கும். கிரிம்ப்பின் அருகே சுருள்போல விரிசல் ஓடியிருந்தால், பொருத்தும்போது முறுக்கிக்கொண்டது.

இவை எதுவுமில்லாமல் ஹோஸ் அப்படியே பிளந்திருந்தால் அழுத்தத்தையே ஐயப்பட வேண்டும். பம்புக்குள் இருக்கும் அழுத்தத் தணிப்பு வால்வு சிக்கிக்கொண்டால் அழுத்தம் தன் வரம்பைத் தாண்டிவிடும். திரும்பும் ஹோஸின் உட்சுவர் உரிந்து மடிந்து வழியை அடைத்தாலும் அழுத்தம் பின்னுக்கு ஏறும்; வெளியே பார்க்க அந்த ஹோஸ் புதிதுபோலவே இருக்கும். திரும்பும் ஹோஸைக் கழற்றி ஊதிப் பாருங்கள், தடையிருந்தால் மாற்றுங்கள். அதுவும் சரியாக இருந்தால், அழுத்தமானியை இணைத்துப் பம்பைச் சோதிக்கத் தெரிந்த பட்டறையில் அளந்து பார்த்தபின்பே மூன்றாவது ஹோஸை வாங்குங்கள்.